முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டியும் பலன் இல்லையா? காவிரி டெல்டா நெல் வயலுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பயிர்ப் பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும் நுண்குளவி ட்ரைக்கோகிரம்மா. அது வளரும் முட்டைகள் ஒட்டிய காகித அட்டையைக் காசு கொடுத்து வாங்கி, வயல் முழுக்க நடந்து கட்டிய பிறகும் குருத்து காய்ந்தால், "இந்தக் குளவியெல்லாம் நம் மண்ணுக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால் அட்டை பலன் தராமல் போவதற்குக் காரணங்கள் பல உண்டு. அட்டையே கெட்டிருக்கலாம். நல்ல அட்டையை எறும்போ மழையோ அழித்திருக்கலாம். குளவி நன்றாக வெளிவந்தும் அது தேடும் முட்டை அந்த நாளில் வயலில் இல்லாமல் இருக்கலாம். வயலில் இருக்கும் பூச்சி இந்தக் குளவிக்கு உரியதாகவே இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு காரணத்துக்கும் தனி அடையாளம் இருப்பதால், கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடும் முறையை இங்கே எழுதுகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ், மூடியுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி, நடவு நாளும் அட்டை கட்டிய நாளும் குறித்த ஒரு தாள் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும்.

எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இருக்கும்

சரியான நிலை எது என்று தெரிந்தால்தான் பிழை எங்கே என்று சொல்ல முடியும். அட்டையில் ஒட்டியிருப்பவை, சேமித்த தானியத்தைத் தின்னும் நெல் அந்துப்பூச்சியின் (கார்சைரா) முட்டைகள். ஆய்வகத்தில் உடைத்த கம்பில் இந்த அந்துப்பூச்சியை வளர்த்து, முட்டைகளைச் சேகரித்து, புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் கருவைக் கொன்று, அட்டையில் கோந்து தடவி ஒட்டி, பிறகு தாய்க் குளவிகளை அவற்றின்மீது விடுகிறார்கள். குளவி முட்டையிட்ட மூன்று நான்கு நாள்களில் அந்த முட்டைகள் கருமையாக மாறும். உள்ளே குளவியின் புழு வளர்ந்து முதிரும்போது முட்டை ஓட்டின் உட்புறத்தில் கரும்படிவம் படிவதே இதற்குக் காரணம். குளவி முட்டையிட்டதிலிருந்து ஏழு அல்லது எட்டு நாள்களில் அரை மில்லிமீட்டர் அளவுள்ள குளவி, ஓட்டில் வட்டமாகத் துளையிட்டு வெளியே வரும். ஒரு சிசி (முட்டைகளை அளக்கும் கன சென்டிமீட்டர் அளவு) அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள் இருக்கும்.

நெல்லுக்கு இரண்டு இனங்கள் பயன்படுகின்றன. தண்டைத் துளைத்துக் குருத்தைக் காயவைக்கும் குருத்துப்பூச்சியின் முட்டைக்கு ட்ரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுப்புழுவின் முட்டைக்கு ட்ரைக்கோகிரம்மா கைலோனிஸ். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி ஜப்பானிக்கத்தை நடவு செய்த 30, 37ஆம் நாள்களிலும், கைலோனிஸை 37, 44, 51ஆம் நாள்களிலும், ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 5 சிசி வீதம் விட வேண்டும். அதாவது ஏக்கருக்கு 2 சிசி. அட்டையை வாங்கும்போதே எந்த இனம் என்று கேட்டு அட்டையின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு அட்டைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பிறகு பிரித்தறிய வழியில்லை.

அறிகுறி: அட்டையில் பாதி வெளுப்பாக, சுருங்கிக் கிடக்கிறது

கருத்த முட்டை குளவி உள்ள முட்டை. வெளுத்தோ மஞ்சளாகவோ சப்பிப்போன முட்டை குளவி ஏறாத வெறும் முட்டை. லென்ஸை வைத்து அட்டையின் நடுவில் ஓரிடம், ஓரத்தில் ஓரிடம் எனப் பார்த்து, நூறு முட்டைகளில் எத்தனை கருத்திருக்கின்றன என்று எண்ணுங்கள். பத்துக்கு ஒன்பது கருத்திருந்தால் அது நல்ல அட்டை. பாதிதான் கருத்திருந்தால் 2 சிசி வாங்கியும் 1 சிசிதான் வயலுக்குப் போகிறது. அந்த அட்டையைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அளவை இரட்டிப்பாக்குங்கள். அட்டை முழுவதுமே வெளுப்பாக இருந்து, குளவி ஏற்றிய நாளும் அண்மையாக இருந்தால் மட்டும், இரண்டு நாள் நிழலில் வைத்துக் கருக்கிறதா என்று பார்க்கலாம்.

அறிகுறி: அட்டையில் சிறு வெண்புழு நெளிகிறது, நூலாம்படை தெரிகிறது

முட்டைகள் புற ஊதா ஒளியில் போதிய நேரம் இருக்கவில்லை என்று இதற்குப் பொருள். குளவி ஏறாத முட்டைகளிலிருந்து அந்துப்பூச்சியின் புழு பொரித்து வந்துவிட்டது. இந்தப் புழு பக்கத்திலுள்ள கருத்த முட்டைகளையும் தின்றுவிடும். இரண்டொரு புழுவாக இருந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு உடனே கட்டிவிடலாம். நூலாம்படை பரவியிருந்தால் அட்டையை ஒதுக்கிவிடுவதே நல்லது. இந்தப் புழு வயலில் நெற்பயிருக்குத் தீங்கு செய்யாது, ஆனால் வீட்டில் அரிசி, கம்பு வைத்திருக்கும் இடத்தில் இந்த அட்டையைப் போடாதீர்கள்.

அறிகுறி: கருத்திருந்தும் குளவி வெளிவரவில்லை, அல்லது வந்தது பறக்கவில்லை

அட்டை வாங்கிவந்த நாளிலேயே ஒரு சிறு துண்டை வெட்டிக் குப்பியில் போட்டு, மூடி, வெயில் படாத வீட்டுச் சன்னல் ஓரத்தில் வையுங்கள். டெல்டாவில் அட்டை கட்டும் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைச் செய்யாதவருக்கு அட்டை கெட்டதா, வயலில் ஏதாவது நடந்ததா என்று பின்னால் சொல்லவே முடியாது. ட்ரைக்கோகிரம்மா வெளிச்சத்தை நோக்கிப் போகும் பூச்சி. அதனால் வெளிவந்த குளவிகள் குப்பியின் சன்னல் பக்கச் சுவரில் மிளகுத் தூளைத் தூவியதுபோல் ஒட்டி நகர்வதைப் பார்க்கலாம். பிறகு அட்டைத் துண்டை லென்ஸில் பார்த்து, கருத்த முட்டைகளில் எத்தனைக்கு வட்டத் துளை இருக்கிறது என்று எண்ணுங்கள்.

துளையே இல்லையென்றால் அட்டை சூட்டிலோ கடுங்குளிரிலோ மாண்டிருக்கிறது. கருத்த அட்டையை ஏறத்தாழ 10 டிகிரி குளிரில் இரண்டு மூன்று வாரம் வரை வைத்திருக்க முடியும் என்பதால் ஆய்வகங்கள் குளிர்பதனப் பெட்டியில் சேமிக்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் தவறுகளே பெரும்பாலும் அட்டையைக் கொல்கின்றன. ஃபிரிட்ஜின் உறைபனி அறையில் வைத்தால் குளவி செத்துவிடும். நண்பகலில் வண்டியின் சீட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாலும் செத்துவிடும். ஈரத்துணி சுற்றிய பெட்டியிலோ, ஐஸ் நேரடியாகப் படாத தெர்மாக்கோல் பெட்டியிலோ கொண்டுவாருங்கள். இரண்டொரு நாள் வைத்திருக்க நேர்ந்தால் ஃபிரிட்ஜின் அடியிலுள்ள காய்கறித் தட்டு போதும்.

துளை இருந்து, குளவி குப்பியின் அடியிலேயே ஊர்ந்து கிடந்து, இறகு சுருங்கியதுபோல் தெரிந்தால், அட்டை நெடுநாள் குளிரில் இருந்திருக்கலாம், அல்லது அந்த ஆய்வகத்தின் தாய்க் குளவி வரிசை பல தலைமுறைகளாக அந்துப்பூச்சி முட்டையிலேயே வளர்ந்து வலுவிழந்திருக்கலாம். வயலிலிருந்து புதிய குளவிகளைக் கொண்டுவந்து சேர்ப்பது உற்பத்தி செய்பவரின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது, உற்பத்தித் தேதி எழுதப்படாத அட்டையை வாங்க மறுப்பதுதான். நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ அட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்கும்போதே, குளவி ஏற்றிய நாளையும் கேளுங்கள்.

அறிகுறி: கட்டிய மறுநாள் அட்டை வெறுமையாக இருக்கிறது

குளவி எல்லாம் ஒரே இரவில் வந்து பறந்துவிட்டதாக எண்ணி மகிழ வேண்டாம். குளவி போனாலும் துளையுள்ள ஓடு அட்டையிலேயே ஒட்டியிருக்கும். ஓடுகூட இல்லாமல் கோந்து மட்டும் தெரிந்தால் அது எறும்பின் வேலை. வரப்போரத்தில் நட்ட குச்சிகளில்தான் இது மிகுதியாக நடக்கும். தண்ணீர் கட்டிய வயலின் உள்ளே நட்ட குச்சிக்கு எறும்பு ஏறுவது அரிது. வரப்பருகே கட்ட நேர்ந்தால் குச்சியின் நடுவில் ஒரு விரல் அகலம் கிரீஸ் தடவுங்கள். பயிரின் இலைகள் குச்சியைத் தொட்டுப் பாலம் போட்டுவிடாமலும் பாருங்கள்.

நாள் கணக்கும் இங்கே முக்கியம். மறுநாள் காலையில் குளவி வரும் நிலையில் உள்ள அட்டையைக் கட்டினால் எறும்புக்கும் சிலந்திக்கும் மழைக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஓர் இரவுதான். குளவி வர நான்கு நாள் இருக்கும்போதே கட்டினால் அந்த நான்கு நாளும் அட்டை அபாயத்தில் தொங்குகிறது. ஆகையால் குப்பிச் சோதனைத் துண்டில் முதல் குளவியைக் கண்ட அன்று மாலையே மீதி அட்டையைக் கட்டுவது நல்ல பழக்கம்.

அறிகுறி: மழையில் அட்டை நனைந்து கூழாகிவிட்டது

சம்பா நடவு புரட்டாசியில் நடந்தால் 30ஆம் நாள் ஐப்பசி அடைமழையில் வந்து விழும். இது டெல்டாவுக்கே உரிய சிக்கல். காகிதத் தேநீர்க் குவளையைக் கவிழ்த்துக் குச்சியின் தலையில் குத்தி, அதன் உட்சுவரில் அட்டைத் துண்டைப் பின் அடித்துவிட்டால் சாதாரண மழையைத் தாங்கும். ஆனால் அடைமழை பெய்யும்போது அட்டை நனையாவிட்டாலும், அரை மில்லிமீட்டர் பூச்சியால் பறந்து முட்டையைத் தேட முடியாது. வயலில் அது வாழப்போவது சில நாள்களே. வானிலை அறிவிப்பில் இரண்டு நாள் கனமழை என்றால் அட்டையைக் காய்கறித் தட்டில் வைத்துவிட்டு மழை வெறித்த மாலையில் கட்டுங்கள். பரிந்துரையில் உள்ள 30ஆம் நாள் 33ஆம் நாளாவதால் பயிர் கெட்டுவிடாது.

குறுவையில் சிக்கல் வேறு. ஆனி நடவுக்கு ஆடி மாதத்தில் அட்டை கட்டுவோம். அப்போது மேல்காற்று வீசும், பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். இந்த வெப்பத்தில் குளவியின் ஆயுளும் முட்டையிடும் திறனும் குறையும். அதனால் காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலை நான்கு மணிக்குப் பிறகு, இலைகளின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிழல் விழுமாறு கட்ட வேண்டும். காற்று குளவியைக் கிழக்கே தள்ளும் என்பதால் மேற்கு வரப்பை ஒட்டிச் சில துண்டுகள் கூடுதலாக வைக்க வேண்டும்.

அறிகுறி: வயலில் ஒரு பகுதி நன்றாக இருக்கிறது, மறுபகுதி காய்கிறது

அட்டையைச் சரியாகப் பரப்பவில்லை. இந்தக் குளவி தானாகப் பறந்து போகும் தூரம் சில மீட்டர்தான். பத்து மீட்டருக்கு ஓர் இடம் என்று வைத்தால் ஏக்கருக்கு 40 இடங்கள் வரும். நம் கணக்கில் ஒரு மா 33 சென்ட், ஆகவே மாவுக்கு 13 அல்லது 14 துண்டுகள். 2 சிசி அட்டையை 40 துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் குளவி இருக்கும், அது போதும். சேற்றில் இறங்க மனமில்லாமல் வரப்பைச் சுற்றி மட்டும் கட்டுவதால் நடுவயல் காய்வதைப் பல இடங்களில் பார்க்க முடிகிறது. வெட்டும்போது கருத்த முட்டைகள் நசுங்காதபடி, முட்டை ஒட்டாத இடைவெளியில் கத்தரிக்கோலை வையுங்கள்.

அறிகுறி: குளவி நன்றாக வந்தது, ஆனாலும் நடுக்குருத்து காய்கிறது

அட்டை கட்டுவோர் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி இதைப் பற்றியது. இதில் மூன்று நான்கு காரணங்கள் பின்னிக் கிடப்பதால் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், காய்ந்தது குருத்துப்பூச்சியால்தானா என்று உறுதி செய்யுங்கள். காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்தால் எளிதில் கையோடு வந்து, அடிப்பகுதி அழுகியோ அரிக்கப்பட்டோ இருந்தால் அது புழுவின் வேலை. தண்டைப் பிளந்தால் உள்ளே வெளிர் மஞ்சள் புழுவோ அதன் எச்சமோ தெரியும். தூரின் பல சிம்புகள் ஒரே உயரத்தில் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தால் அது எலி வெட்டு, குளவிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

புழுதான் என்று தெரிந்த பிறகு நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். குருத்துப்பூச்சியின் முட்டை ஐந்து முதல் எட்டு நாளில் பொரிக்கிறது. பொரித்த புழு நூல்விட்டுக் காற்றில் ஆடியும் நீரில் மிதந்தும் பரவி, இலையுறைக்குள் புகுந்து, தண்டைத் துளைத்து, குருத்து வாடி நம் கண்ணில் படுவதற்கு மேலும் ஒரு வாரமாவது ஆகிறது. ஆகவே இன்று கண்ட காய்ந்த குருத்தின் முட்டை ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன் இடப்பட்டது. அந்த நாளில் உங்கள் அட்டை வயலில் இருந்ததா? இல்லையென்றால் குளவி தோற்கவில்லை, தாமதமாக வந்திருக்கிறது. இந்தக் குளவி முட்டையை மட்டுமே தாக்கும். தண்டுக்குள் போய்விட்ட புழுவை அதனால் தொட முடியாது. காய்ந்த குருத்தைப் பார்த்துவிட்டு அட்டை வாங்க ஓடுவதில் பயன் மிகக் குறைவு. அடுத்த தலைமுறைக் குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சி வர ஐந்தாறு வாரம் இருக்கிறது.

எனவே பார்க்க வேண்டியது குருத்தை அல்ல, அந்துப்பூச்சியையும் முட்டைக் குவியலையும்தான். பெண் பூச்சி மஞ்சள் நிறம், முன்னிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. விளக்குப் பொறியில் இவை வரத் தொடங்கினால் அன்றோ மறுநாளோ முட்டை விழும். இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு இரண்டு வைத்தாலும் ஆண் பூச்சியின் வரவிலிருந்து இதே செய்தி கிடைக்கும். வயலில் இலை நுனியை ஒட்டி, பழுப்பு மயிர் போர்த்த சிறு திட்டாக முட்டைக் குவியல் இருக்கும். சதுர மீட்டருக்கு இரண்டு குவியல் என்பது பொருளாதாரச் சேத நிலை, அதாவது கட்டுப்பாட்டுச் செலவு தகும் அளவு.

நாற்றங்காலிலேயே இந்தக் குவியல்கள் இருக்கும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நாற்றுக் கட்டின் நுனியைக் கிள்ளிவிட்டு நடும் பழைய பழக்கம் இந்த முட்டைகளைக் கழித்துவிடும். நுனி கிள்ளாமல் நட்ட வயலில் 30ஆம் நாளுக்கு முன்பே குருத்து காயத் தொடங்குவதில் வியப்பில்லை.

அடுத்த காரணம் விதைப்பு முறை. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடைமடைப் பகுதிகளில் சம்பாவை நேரடியாக விதைப்பவர்கள் நடவுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, விதைத்த 30ஆம் நாளில் அட்டை கட்டுகிறார்கள். 25 நாள் நாற்றை நட்டவருக்கு நடவிலிருந்து 30ஆம் நாள் என்பது விதைப்பிலிருந்து 55ஆம் நாள். ஆனால் நேரடி விதைப்பில் பயிர் நடவு அதிர்ச்சி இல்லாமல் முன்னதாகவே சிம்பு வெடிப்பதால் 55 வரை காத்திருப்பதும் சரியல்ல. இங்கே நாள் கணக்கை விட்டுவிட்டு, பொறியில் பூச்சி விழுவதை வைத்தே அட்டை கட்டுங்கள்.

இன்னொரு காரணம் குருத்துப்பூச்சியின் தற்காப்பு. முட்டைக் குவியலை லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தால் மேலே தாய்ப்பூச்சியின் வால் மயிர் அடர்த்தியாகப் போர்த்தியிருப்பதும், அடியில் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதும் தெரியும். ட்ரைக்கோகிரம்மா ஓரத்திலும் மேலடுக்கிலும் உள்ள முட்டைகளைத் தொட்டுவிடும், ஆழத்தில் உள்ளவற்றை அதன் குறுகிய முட்டையிடும் குழல் எட்டுவதில்லை. நம் வயல்களில் இயற்கையாகவே இருக்கும் வேறு இரண்டு குளவிகள் இந்தக் குறையை நிரப்புகின்றன. டெலினோமஸ் குளவி தாய் அந்துப்பூச்சியின் வால் மயிர்க்கற்றையைப் பற்றிக்கொண்டே பயணம் செய்து, அது முட்டையிட இட, மயிர் மூடுமுன் தன் முட்டையை உள்ளே வைத்துவிடும். டெட்ராஸ்டிகஸ் குளவிக்குக் குழல் நீளம். அதன் ஒரு புழு ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளைத் தின்று தீர்க்கும். இந்த இரண்டையும் யாரும் அட்டையில் விற்பதில்லை. மருந்து அடிக்காத வயலில் அவை தாமாக வரும்.

உங்கள் வயலில் எந்தக் குளவி எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, முட்டைக் குவியலோடு இலைத் துண்டுகளைக் கிள்ளி, ஈரப்பஞ்சு வைத்த குப்பியில் தனித்தனியாகப் போட்டு இரண்டு வாரம் வரை பாருங்கள். புழு பொரிக்கிறதா, குளவி வருகிறதா என்பது தெரிந்துவிடும். பெருமளவில் கிள்ளினால் குவியல்களை நசுக்கி எறியாதீர்கள். துளையிட்ட ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை நீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்து, வயலோரத்தில் நிழலில் விடுங்கள். வெளிவரும் புழு நீரைத் தாண்ட முடியாமல் சாகும், குளவி பறந்து வயலுக்குத் திரும்பும்.

அறிகுறி: குருத்து தப்பியது, கதிர் வெண்மையாக வந்தது

இதிலும் முதலில் இழுத்துப் பாருங்கள். வெண்கதிர் எளிதில் உருவிக்கொண்டு வந்தால் குருத்துப்பூச்சி. உருவ முடியாமல், கதிரின் கழுத்தில் கரும்பழுப்பு வளையம் தெரிந்தால் அது கழுத்துக் குலைநோய், பூசணத்தால் வருவது.

குருத்துப்பூச்சியால் வந்த வெண்கதிருக்கு ரகத்தின் வயதே பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு. ஏடிடீ 43 போன்ற 110 நாள் ரகத்தில் நடவிலிருந்து 37ஆம் நாள் பயிர் ஏறத்தாழ பொதி கட்ட (இலையுறைக்குள் கதிர் பருக்க) தொடங்கும் காலம். ஆகவே அந்த நாளில் விட்ட குளவி கதிரையும் காக்கும். ஆனால் சிஆர் 1009, நாற்றங்கால் நாளையும் சேர்த்து ஏறத்தாழ 155 நாள் வயதுள்ள ரகம். அதில் பூக்கும் காலம் நடவிலிருந்து 90ஆம் நாளை ஒட்டி வரும். 37ஆம் நாள் விட்ட குளவியின் பலன் அதுவரை நீடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நீண்ட வயது ரகம் நட்டவர்கள் கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) வெளிவரும் சமயத்தில் விளக்குப் பொறியை மீண்டும் கவனித்து, பூச்சி விழுந்தால் ஜப்பானிக்கத்தை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கூடுதலாக விட வேண்டும்.

அறிகுறி: இலை நீளவாக்கில் மடிந்து வெண்கோடு விழுகிறது

மடிப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் புழுவும் கழிவும் இருந்தால் இலைச்சுருட்டுப்புழு. இளநாற்றில் நுனி மட்டும் ஊசிபோல் சுருண்டிருந்தால், கையை நீரில் நனைத்து நாற்றின்மேல் தடவிப் பாருங்கள். கரும்புள்ளிகள்போல் ஒட்டினால் அது இலைப்பேன். இலைப்பேனுக்குக் கைலோனிஸால் பயன் இல்லை.

இலைச்சுருட்டுப்புழுவின் முட்டைகளுக்கு மயிர்ப் போர்வை கிடையாது. இலையின் நடுநரம்பை ஒட்டித் தட்டையாக, தனித்தனியாகவோ சிறு வரிசையாகவோ இருக்கும். அதனால் கைலோனிஸ் இதில் நன்றாக வேலை செய்யும். அப்படியும் தாக்குதல் மிகுந்தால், ஜப்பானிக்கம் அட்டையையே திரும்பக் கட்டியிருக்கிறீர்களா என்று அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். பிறகு யூரியாக் கணக்கைப் பாருங்கள். தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாக நிற்கும் பயிரிலும், மர நிழல் விழும் இடத்திலும் இந்தப் பூச்சி குவிந்து முட்டையிடும். அந்த எண்ணிக்கையைக் குளவியால் மட்டும் ஈடுகட்ட முடியாது. யூரியாவை இலை வண்ண அட்டை (இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டு உரத் தேவையைக் காட்டும் அட்டை) பார்த்துப் பிரித்து இடுவதும் இந்தப் பூச்சிக்கான மருத்துவமே.

தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதச் சேதம் என்பவை பொருளாதாரச் சேத நிலைகள். இளம் பயிர் இலையிழப்பை ஈடுசெய்துகொள்ளும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990களில், விதைத்த முதல் 40 நாள்களில் இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து அடிக்க வேண்டாம் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் உழவர்களிடையே பெரும் பிரசாரம் செய்தபோது, மருந்தடிப்பு வெகுவாகக் குறைந்தது. அங்கும் நம்மைப்போல் ஆறு கடலில் சேருமிடத்தில் நெல்லை நம்பி வாழ்பவர்கள்தான்.

அறிகுறி: முதல் அட்டை வேலை செய்தது, அடுத்தது செய்யவில்லை

இரண்டுக்கும் இடையில் யார் என்ன தெளித்தார்கள் என்று கேளுங்கள், பக்கத்து வயல்காரரையும் சேர்த்து. ஆர்கனோபாஸ்பேட், சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகள் இந்தக் குளவியை இலையில் எஞ்சிய படிவத்தாலேயே கொன்றுவிடும். காற்றில் வரும் சாரலும் போதும். அட்டை கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் தெளிப்பைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்கவே முடியாத நிலையில் குளோரான்ட்ரனிலிப்ரோல் போன்ற, ட்ரைக்கோகிரம்மாவுக்கு ஒப்பளவில் தீங்கு குறைந்த மருந்தை வேளாண் அலுவலரைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். வாய்க்கால் பாசனத்தில் வயல்கள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே மடையில் உள்ளவர்கள் பேசி, ஒரே வாரத்தில் அட்டை கட்டுவதே மிகச் சிறந்தது.

தெளிப்பே இல்லையென்றால் குளவிக்கு உணவு இல்லாதது காரணமாக இருக்கலாம். முதிர்ந்த குளவி தேன் குடித்தால் கூடுதல் நாள் வாழும். களைக்கொல்லி அடித்து மொட்டையாக்கிய வரப்பில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. வரப்பு உளுந்து, தட்டைப்பயறு, இடமிருந்தால் எள் ஆகியவை பூத்து நிற்கும் வரப்பு குளவிகளுக்கு உணவு தரும்.

அறிகுறி: வெங்காயத்தாள், அல்லது வட்டவட்டமாகத் தீய்ந்த திட்டு

குருத்து வெங்காயத்தாள்போல் குழலாக நீள்வது ஆனைக்கொம்பன் ஈயால் வருவது. அதற்கான ஒட்டுண்ணி பிளாட்டிகாஸ்டர் என்னும் வேறு குளவி. திட்டுத் திட்டாகத் தீய்வது புகையான் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியால். புகையான் தன் முட்டையை இலையுறைத் திசுவுக்குள் செருகிவிடும். அதை அனாக்ரஸ் முதலான நுண்குளவிகளும், சிர்டோரைனஸ் என்னும் பச்சை நாவாய்ப்பூச்சியும் அழிக்கும். இந்த இரண்டு தாக்குதலுக்கும் ட்ரைக்கோகிரம்மா அட்டை வாங்குவது வீண் செலவு. புகையானுக்கு வயலை வடித்துக் காயவிட்டு, பட்டம் (பயிருக்கிடையே இடைவழி) பிரித்துக் காற்றோட்டம் தாருங்கள்.

கரும்பு நட்டவர்களுக்கு

குருங்குளம் பக்கத்தில் கரும்பு வைத்திருப்பவர்கள் இடைக்கணுப்புழுவுக்குக் கட்டுவதும் கைலோனிஸ் அட்டைதான், ஆனால் கணக்கு வேறு. நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஹெக்டேருக்கு 2.5 சிசி வீதம் ஆறு முறை விட வேண்டும். பலன் இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆறு முறையும் விட்டார்களா என்பதை. மூன்றோடு நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. அடுத்ததாக எறும்பு. கரும்பில் காய்ந்த தோகைக்குள் அது கூடு கட்டியிருக்கும் என்பதால் தோகை உரித்த பிறகு, பச்சை இலையின் அடிப்புறத்தில் அட்டைத் துண்டைப் பின் அடியுங்கள்.